மயக்கத்தில் இருப்பவர் பேசக் கூடாது

எங்கள் சலவைக்கூடத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் அழுக்கு. அந்தப் பக்கம் சுத்தம். சலவை இயந்திரங்கள் சுவருக்குள் பதிந்து நிற்கும். மருத்துவமனைத் துணி அழுக்குப் பக்கக் கதவு வழியாக இயந்திரத்துக்குள் போய், சுத்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வரும். மனிதர்கள் போய்வர நடுவில் ஒரு சின்ன அறை மட்டும். அங்கே ஏப்ரனைக் கழற்றி, கை கழுவி, செருப்பு மாற்ற வேண்டும். மாற்றாமல் யாராவது சுத்தப் பக்கம் கால் வைத்தால், அங்கே அடுக்கியிருக்கும் துணி முழுவதும் அழுக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். திரும்பத் துவைக்க வேண்டும்.

இந்த விதியை நான் உண்டாக்கவில்லை. அதை வைத்து எல்லோருடைய உயிரையும் வாங்கியவன் நான்தான்.

என் பதவி, இடர் மேலாண்மை மற்றும் பணித்தொடர்ச்சி அலுவலர். தீயோ வெள்ளமோ மின்வெட்டோ, எது வந்தாலும் ஆட்கள் பிழைக்க வேண்டும், வேலையும் நிற்கக் கூடாது. அதற்கு முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். பதவியின் பெயரை முழுதாகச் சொன்னவர் இன்றுவரை யாரும் இல்லை. 'ஆபத்து சார்' என்பார்கள். நான் உள்ளே நுழைந்தால் இஸ்திரி உருளைப் பக்கமிருந்து ஒரு குரல் வரும்: "ஏய், ஆபத்து வருது." மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன்.

சுத்தப் பக்கத்தின் மேற்பார்வையாளர் என் அக்கா. அவள் சொல்லித்தான் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. சேர்ந்த கையோடு நான் போட்ட முதல் உத்தரவு, வேலை நேரத்தில் உறவுமுறை கூடாது என்பது. நெருக்கடியில் 'அக்கா' என்று ஒருவன் கத்தினால் பத்துப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டளை யாருக்கு என்று தெரியாமல் போகும். இப்படி விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினாள்.

நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். அவள் குடும்பம் கீழே, என் குடும்பம் மாடியில். அன்று மாலை படிக்கட்டின் கீழிருந்து குரல் வந்தது.

"அலுவலர் சார், சாப்பிட வர்றீங்களா, இல்ல எழுத்துப்பூர்வமா கூப்பிடணுமா?"

என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த வீடுவரை கேட்டிருக்கும். அதன்பின் அக்கா என்னை வீட்டிலும் 'சார்' என்றாள். அவள் குழந்தைகளும் பிடித்துக்கொண்டார்கள். "சார் மாமா" என்றார்கள்.

எங்களுக்கு இருப்பது ஒரே வாடிக்கையாளர், அந்த மருத்துவமனை. இந்த வருடம் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தீயணைப்பு நிலையத்தோடும் ஆம்புலன்ஸோடும் சேர்ந்து ஓர் ஒத்திகை நடத்தி, நிலைய அதிகாரியின் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். ஒத்திகை நேரத்திலும் துணி வருவது நிற்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் கடிதம் வராவிட்டால் வேலை வேறு சலவைக்கூடத்துக்குப் போகும். தலைமை நர்ஸ் இதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். வேலை போனால் கூடத்தை மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி சிரிக்காமல் சொன்னார்.

நான் மகிழ்ந்தேன். மற்றவர்கள் வேலை போய்விடுமோ என்று பேசிக்கொண்டிருந்தபோது, என் திட்டத்தைக் கடைசியில் யாரோ படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

நிலைய அதிகாரி படித்தார். என் அறையில், என் எதிரில், ஒரு பக்கம் விடாமல். மெதுவாகப் பேசுகிற மனிதர். மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா இருக்கு சார். இதுல தீ எங்க இருக்கு?"

"பின்னிணைப்புல."

"ம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் 'அலுவலர் தெரிவிப்பார், அலுவலர் முடிவெடுப்பார்'னு வருதே. அந்த அலுவலர் நீங்கதானே?"

"நான்தான்."

"நீங்க இல்லன்னா?"

"இருப்பேன் சார். நான் லீவே எடுக்கறதில்ல."

அவர் தன்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் பெண்ணைப் பார்த்தார். அவள் பையைத் திறந்து கயிறு கோத்த மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்தாள். 'மயக்கம். மூச்சு உண்டு. பேச்சு இல்லை' என்று அதில் எழுதியிருந்தது.

"முதல் ஆள் நீங்க சார்," என்றார் அதிகாரி. "பெல் அடிச்சதும் படுத்துடுங்க."

மறுக்க முடியவில்லை. காரணம், ஒத்திகை விதிகளை எழுதியதும் நான்தான். ஒரு விதி: அட்டை அணிந்தவர் பேசக் கூடாது, பேசினால் மற்றவர்கள் கண்டுகொள்ளக் கூடாது. முன்பு நாங்களே நடத்திய ஒத்திகையில் அட்டை மாட்டிய ஒருவர் படுத்த இடத்திலிருந்தே டீ கேட்டார், அதனால் எழுதினேன். சில பக்கம் தள்ளி இன்னொரு விதி: நடுவில் நிஜமாகவே ஆபத்து வந்தால், 'இது ஒத்திகை இல்லை' என்று மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டையும் வெவ்வேறு நாளில் எழுதினேன். இரண்டுக்கும் தனித்தனியாகப் பெருமைப்பட்டேன்.

ஒத்திகை காலையில் நடந்தது. தீயணைப்புக்காரர்கள் அழுக்குப் பக்கத்து ஷட்டர் அருகே புகை இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். வெள்ளைப் புகை, வாசனை லேசாக இனிக்கும். அந்த வழி அடைபட்டதாகக் கணக்கு. அழுக்குப் பக்கத்து ஆட்கள் நடு அறை வழியாகச் சுத்தப் பக்கம் போய், முன்வாசலால் வெளியேற வேண்டும். சுத்தப் பக்கத்து ஆட்கள் நேராக முற்றத்துக்குப் போவார்கள். அக்கா மட்டும் நடு அறைக் கதவில் நின்று எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் வருவாள். டிரையர்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். பணித்தொடர்ச்சி. அந்தப் புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்பு நிலையத்தையே கிளப்பிவிடாமலிருக்க, அதைச் சத்தம் போடாத சோதனை நிலைக்கு மாற்றியிருந்தேன். எதையும் மறக்கவில்லை என்று அன்று காலை என் மனைவியிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

ஒத்திகைக்கான கைமணி அடித்தது. நான் அழுக்குப் பக்கத்தில் சலவை மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்தேன்.

அழுக்குப் பக்கப் பொறுப்பாளருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். எதற்கும் அவசரப்படாதவர். அன்றும் படவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடு அறைக்குப் போனார். பிறகு யாரும் நகரவில்லை. தலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தேன். கை கழுவும் தொட்டிக்கு முன்னால் வரிசை நின்றது.

ஒருவர் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. இன்னொருவர் ஏப்ரனை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தீப்பிடிச்சிருக்குண்ணே. கழுவணுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கழுவாமப் போனா ஆபத்து சார் கொன்னுடுவாரு," என்றார் நிதானம்.

"அவருதான் மயங்கிட்டாரே."

"எந்திரிச்சு வந்து கொல்லுவாரும்மா. உனக்கு அவரைப் பத்தித் தெரியாது."

கத்த வேண்டும்போல் இருந்தது. பேச்சு இல்லை என்று கழுத்தில் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. முன்வாசல் வழியாக வந்த தீயணைப்புக்காரர்களை மடக்கிவிட்டிருந்தாள்.

"பூட்ஸ கழட்டுங்க."

"அம்மா, உள்ள தீ."

"தெரியும். பூட்ஸ கழட்டிட்டு அணைங்க. ஆப்பரேஷன் துணி அடுக்கியிருக்கு. உங்க பூட்ஸு எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சோ."

பிறகு நிலைய அதிகாரியின் மெதுவான குரல்: "கழட்டுங்கப்பா. என்னதான் நடக்குதுன்னு பாப்போம்." பூட்ஸுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுவது கேட்டது. தலைமை நர்ஸும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் பேனா நகர்வது எனக்குக் கேட்டதாகவே தோன்றியது. எங்கள் எல்லோருடைய வேலையும் அந்தப் பேனாவில் இருந்தது.

ஆம்புலன்ஸ் பெண் என்னை எடுக்க வர வேண்டும். அவளையும் அக்கா செருப்பு விஷயமாக நிறுத்திவைத்திருந்தாள். நிதானம் திரும்பி வந்து என் தலைமாட்டில் நின்றார்.

"சாரை யாராவது தூக்கணுமே. எதுல போடறது?"

"சுத்த வண்டி அந்தப் பக்கம்லண்ணே இருக்கு."

"சார் அழுக்குப் பக்கத்துல கிடக்காரு. அப்ப அழுக்கு வண்டிதான் முறை."

கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி, இடுப்பளவு ஆழமுள்ள ஒரு கேன்வாஸ் வண்டிக்குள் என்னை இறக்கினார்கள். அடியில் காலை வந்த மூட்டை ஒன்று இருந்தது. எந்த வார்டிலிருந்து வந்தது என்று யோசிக்காமலிருக்க முயன்றேன்.

வண்டிக்குள் மல்லாந்து கிடப்பவனுக்குக் கூரையைத் தவிர வேறெதுவும் தெரியாது. இத்தனை வருடத்தில் எங்கள் கூரையை நான் பார்த்ததே இல்லை. சுத்தப் பக்கத்து டிரையர்களின் சூட்டுக்காற்றை வெளியே கொண்டுபோகும் பெரிய தகரக் குழாய் சுவரைத் தாண்டி, எங்கள் தலைக்கு மேலே ஓடி, பின்பக்கமாக வெளியேறுகிறது. அதன் ஒரு மூட்டில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் கறுத்தது. மூட்டிலிருந்து மெல்லிய புகை இறங்கியது. இனிப்பு இல்லை. துணி கருகும் வாசனை.

புரிந்துவிட்டது. டிரையரில் துணியிலிருந்து உதிரும் பஞ்சு பில்டரில் சேரும். இஸ்திரிப் பெண்கள் மணிக்கொரு தரம் அதை வழித்தெடுப்பார்கள். இப்போது அவர்கள் முற்றத்தில் வரிசையாக நிற்கிறார்கள், என் திட்டப்படி. டிரையர்கள் ஓடுகின்றன, என் திட்டப்படி. பில்டர் நிரம்பி, பஞ்சு குழாய்க்குள் போய்ப் பற்றிக்கொண்டிருக்கிறது. அலாரம் வாயைத் திறக்காது. அதுவும் என் திட்டப்படி.

"புகை," என்றேன்.

நிதானம் குனிந்து பார்த்தார். "சார், நீங்க மயக்கத்துல இருக்கீங்க."

"மேல பாருங்க. குழாய்ல. நிஜப் புகை."

"பாக்காதீங்கப்பா," என்றார் மற்றவர்களிடம். "சார் நம்மள சோதிக்கிறாரு. அட்டை போட்டவங்க பேசினா கண்டுக்கக் கூடாதுன்னு அவர்தான் எழுதியிருக்காரு. கண்டுக்கிட்டோம்னா பெயில். கடுதாசி வராது."

எழுந்து உட்காரப் பார்த்தேன். மரியாதையோடு நெஞ்சில் கைவைத்து அழுத்திப் படுக்கவைத்தார்.

முறைப்படி போவதென்று முடிவு செய்தேன். "இது ஒத்திகை இல்லை! இது ஒத்திகை இல்லை! இது ஒத்திகை இல்லை!"

மூன்றாம் முறை என் குரல் எனக்கே பிடித்திருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

"என்னமா நடிக்கிறாரு பாருங்கண்ணே."

"சும்மாவா, படிச்சவராச்சே."

இரண்டாவது விதியை அவர்களும் படித்திருப்பார்கள். ஆனால் முதல் விதி முதலில் வருகிறது. என் ஆட்கள் வரிசைப்படி கீழ்ப்படிகிறவர்கள். அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

குழாய் மூட்டிலிருந்து ஒரு பொறி விழுந்தது. வண்டியின் விளிம்பில், என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. கேன்வாஸில் ஒரு சின்னப் பழுப்பு வட்டம் விழுந்தது. உடனே அணைந்தும்விட்டது. அதன்பின் நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் 'மேற்பார்வையாளர் அவர்களே' என்றுதான் கூப்பிட்டிருப்பேன்.

"அக்கா!"

குரல் உடைந்துவிட்டது. ஆறு வயதில் நாய் துரத்தியபோது போட்ட அதே சத்தம்.

"அக்கா! அக்கோவ்!"

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. நடு அறையின் அந்தப் பக்கக் கதவு சுவரில் மோதித் திறந்தது. பிறகு இந்தப் பக்கக் கதவு. சுத்தப் பக்கத்து வெள்ளைச் செருப்போடு அக்கா அழுக்குப் பக்கத்துக்குள் ஓடிவந்தாள். இத்தனை வருடத்தில் அவள் செய்யாத காரியம். நிதானம் வாயைப் பிளந்துகொண்டு அவள் காலையே பார்த்தார்.

"எங்கடா?"

கையை மேலே நீட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் வெளிய! நிஜமாவே பத்திக்கிச்சு. கழுவாதீங்க, கழட்டாதீங்க, அப்படியே ஓடுங்க!"

"துணி கெட்டுப்போகுமே மேடம்," என்றார் நிதானம். விதியைக் காப்பாற்ற மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான்.

"கெடட்டும்ணே! போங்க!"

ஓடினார்கள். அழுக்கு ஏப்ரனோடும் ஈரக் கையோடும். அந்தப் பக்கத்தில் தீயணைப்புக்காரர்கள் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு இடது வலது மாறிவிட்டது. திட்டிக்கொண்டே கழற்றி மாட்டினார். அதிகாரி முதன்முறையாகக் குரல் உயர்த்தி, டிரையர்களை நிறுத்தச் சொன்னார்.

நான் வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தேன். கால் மூட்டைக்குள் புதைந்திருந்தது. விளிம்பில் கை ஊன்றினால் வண்டி நகர்ந்தது. அவசரகாலத்தில் வண்டியிலிருந்து இறங்குவது எப்படி என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

"எந்திரிச்சு வாடா."

"வரலக்கா."

"உனக்கு எதுதான் வந்திருக்கு?"

வண்டியைத் திருப்பினாள். நடு அறை வழியாக என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சுத்தப் பக்கத்தில், இஸ்திரி போட்டு அடுக்கிய பச்சை ஆப்பரேஷன் துணிகளுக்கு நடுவே, அழுக்கு வண்டியில் மஞ்சள் அட்டையோடு போனேன். தலைமை நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் வணக்கம் சொன்னேன்.

தீ சீக்கிரமே அணைந்தது. குழாயில் ஒரு பகுதியும் டிரையர் ஒன்றும் போயின. ஆட்களுக்கு ஒரு கீறலும் இல்லை. முற்றத்தில் தலை எண்ண வேண்டியவன் நான். வண்டிக்குள் நின்றுகொண்டே எண்ணினேன். உயரம் வசதியாக இருந்தது.

மிச்சமிருந்தது துணி. சுத்தப் பக்கத்தில் இருந்த எல்லாமே இப்போது அழுக்கு. மறுநாள் ஆப்பரேஷன்களுக்கு மருத்துவமனையில் இருப்பு போதாது என்றார் தலைமை நர்ஸ். அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

இந்த இடத்துக்கு என்னிடம் நிஜமாகவே ஒரு திட்டம் இருந்தது. ஆற்றைத் தாண்டியிருக்கும் இன்னொரு சலவைக்கூடத்தோடு ஓர் ஒப்பந்தம். எங்களுக்கு முடியாதபோது அவர்கள் துவைப்பார்கள், அவர்களுக்கு முடியாதபோது நாங்கள். அதன் உரிமையாளருக்குப் போன் செய்தேன்.

"சார், தீப்பிடிச்சிடுச்சு. துணி அனுப்பறோம். உடனே வேணும்."

"பிரமாதம் சார்," என்றார் அவர். "போன வாரம் டெஸ்டுக்குப் பண்ண போனைவிட இது நல்லா இருக்கு. அந்த மூச்சு வாங்கறது, அதெல்லாம்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"போன வாரமும் நிஜம்னுதான் சொன்னீங்க. நான்கூட லாரியக் கிளப்பிட்டேன்."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அண்ணே, நான் பேசறேன். பாதித் துணி வருது. ஆமா. இல்ல, உசுரோடதான் இருக்கான்." திருப்பிக் கொடுத்தாள். லாரி கிளம்பிவிட்டது.

ஷட்டரைத் திறந்து புகையை விரட்டியதும் மீதிப் பாதியை நாங்களே துவைத்தோம். இரண்டு பக்கத்து ஆட்களும் அழுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை ஏற்றினார்கள். நானும் ஏற்றினேன். கை கழுவ வரிசையில் நின்றபோது நிதானம் எனக்கு முன்னால் நின்றார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். என் முறை வந்ததும் நானும் தேய்த்தேன். மறுநாள் காலை துணி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

நிலைய அதிகாரி இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று ஒத்திகையைப் பற்றி. அதில் குறைகள் பக்கம் நிறைந்து மறுபக்கத்துக்கும் போயிருந்தன. முதல் குறை, 'அலுவலர்'. மற்றது தீயைப் பற்றி. எல்லோரும் வெளியேறினார்கள், காயம் இல்லை, சேவை நிற்கவில்லை என்று மூன்றே வரி. தலைமை நர்ஸ் இரண்டையும் படித்துவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் மறுபடி ஓர் ஒத்திகை, ஆனால் டிரையரை நிறுத்திவிட்டு; அந்த நிபந்தனையோடு வேலை எங்களிடமே இருந்தது. பெரிய கடிதம் என்னிடம் இருக்கிறது. கண்ணாடி போட்டு மாட்டச் சொல்கிறாள் அக்கா.

உறவுமுறை பற்றிய உத்தரவைத் திரும்பப் பெற்றேன். யாரும் கவனிக்கவில்லை. என்னைத் தவிர யாரும் அதைப் பின்பற்றவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அட்டை அணிந்தவர் பேசக் கூடாது என்ற விதியையும் எடுத்துவிட்டேன். தீ என்றால் கை கழுவ வேண்டாம் என்று நடு அறையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அடுத்த ஒத்திகைக்கு மஞ்சள் அட்டை யாருக்கு என்று அதிகாரி கேட்டபோது, கூடமே என் பக்கம் திரும்பியது.

படுத்தேன். இந்த முறை பேசலாம். படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: எந்தக் கதவு, யார் முதலில், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை கழுவாமல், ஏப்ரனோடு, விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்கள். நிதானம்கூட என்னைத் தாண்டிக் குதித்துப் போனார்.

"அக்கா," என்றேன், மெதுவாகத்தான்.

நடு அறைக் கதவில் தலை தெரிந்தது. "என்னடா?"

கூரையைப் பார்த்தேன். புதுக் குழாய் பளபளவென்று இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா."

"அப்ப சும்மா கிட."

கிடந்தேன்.